ஆடுகளை இப்போது லாரியில் ஏற்றாதே

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். போன மாசமே எழுதியிருக்க வேண்டும், கல்யாண வேலை விடவில்லை.

மேச்சேரி செம்மறிகளில் பல கிடா சேர்ந்தும் சினை நிற்காமல் மறுபடி பருவத்துக்கு வந்துவிட்டன, இந்த முறை கிடா சேர்ந்ததும் லாரியில் ஏற்றி மேய்ச்சலுக்கு அனுப்பப் போகிறேன் என்றாயே, கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. அனுப்பாதே.

கிடா சேர்ந்து நாலைந்து நாளில் கரு கருப்பைக்குள் இறங்கிவிடும். ஆனால் சுவரில் ஒட்டத் தொடங்குவது 16-ஆம் நாள் வாக்கில்தான். பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் முடுக்கிவிட்ட கருப்பைத் தசையை, அதன் பிறகு கார்பஸ் லூட்டியம், அதாவது முட்டை வெளியேறிய இடத்தில் சூலகத்தில் உருவாகும் திசு, சுரக்கும் புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன்தான் அடக்கி வைக்கிறது. சினை இல்லையென்றால் 14, 15-ஆம் நாளில் கருப்பையே புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரந்து கார்பஸ் லூட்டியத்தை அழித்துவிடும். புரோஜெஸ்ட்ரோன் சரியும், தசை மறுபடி முறுக்கேறும், ஆடு கிடாயைத் தேடும்.

கரு அதற்கு முன்பே தாய்க்குச் சேதி சொல்லி முந்திக்கொள்ள வேண்டும். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் மூரும் ரௌசனும் 1966-இல் வெளியிட்டதைப் படித்தோமே: 12-ஆம் நாளுக்குள் கருவை எடுத்துவிட்டால் ஆடு வழக்கம்போல் பருவத்துக்கு வந்தது, 13-ஆம் நாளிலோ அதன் பிறகோ எடுத்தால் பருவம் தள்ளிப்போனது. அந்த நாட்களில்தான் கரு உருண்டையிலிருந்து நூலாக நீள்கிறது. வாத்தியார் கருப்பையைக் கழுவி எடுத்துக் காட்டினாரே, கண்ணாடித் தட்டில் வெள்ளையாகச் சுருண்டு கிடந்தது, நீ சளி என்று துடைக்கப் போனாயே, அதேதான்! அந்த நூல் சுரக்கும் இன்டர்ஃபெரான் டவ் என்ற புரதம், கருப்பை உட்சுவரில் புரோஸ்டாகிளாண்டினைச் சுரக்கத் தூண்டும் ஆக்ஸிடோசின் ஹார்மோனை வாங்கும் ஏற்பிகள் பெருகாமல் தடுக்கிறது. புரோஸ்டாகிளாண்டின் அலையடிக்காது, கார்பஸ் லூட்டியம் பிழைக்கும். வைரஸை எதிர்க்கிற குடும்பத்துப் புரதம் தாய்க்குச் சேதி சொல்கிறது என்பதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

இத்தனை நுணுக்கமாக நடக்கிற வேளையில் லாரி, வெயில், பட்டினி, புதுத் தீவனம் எதுவும் வேண்டாம். ஒரு மாசமாவது பழகிய பட்டியிலேயே கிடக்கட்டும்.

ஒரு உதவி செய். திரும்பப் பருவத்துக்கு வந்த ஆடுகளின் தேதியைப் பார்த்து அனுப்பு. 16, 17 நாளில் வந்தவை என்றால் கரு தரிக்கவே இல்லை, அல்லது 12-க்கு முன்பே போய்விட்டது. கிடாயைச் சோதிக்க வேண்டும். 25 நாள் தாண்டி வந்தவை என்றால் கரு சேதி சொன்ன பிறகுதான் அழிந்திருக்கும், அப்போது தீவனத்தையும் நோயையும் பார்ப்போம். இரண்டையும் கலந்து எழுதாதே.

உன்,
மாமா