பிரிட்டன் நாளிதழ் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களுக்கு,

2020 செப்டம்பரில் தம் 92ஆம் வயதில் மறைந்த இதழாசிரியர் ஹரால்ட் எவன்ஸின் வாழ்வை முன்வைத்துத் தங்களிடம் ஒன்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

ரயில் ஓட்டுநரின் மகனான அவர், டார்லிங்டன் நகரின் 'நார்தர்ன் எக்கோ' ஆசிரியராக இருந்தபோதே, 1950இல் தவறாகத் தூக்கிலிடப்பட்ட டிமோதி எவன்ஸுக்காக விடாமல் எழுதினார். தூக்கிலிடப்பட்ட அவருக்கு 1966இல் மன்னிப்பு கிடைத்தது. மறுஆண்டே ஹரால்ட் எவன்ஸ் லண்டன் வார இதழான 'சண்டே டைம்ஸ்' ஆசிரியரானார்.

கருவுற்ற தாய்மார்கள் குமட்டலுக்கு உட்கொண்ட தாலிடோமைடு மாத்திரையால் கை கால் குறையுடன் பிறந்த குழந்தைகளின் வழக்கு பத்தாண்டுகளாக முடியாமல் கிடந்தது. வழக்கு நடக்கும்போது எழுதினால் நீதிமன்ற அவமதிப்பு என்பதால் பத்திரிகைகள் வாய்மூடியிருந்தன. எவன்ஸ் 1972இல் சட்டப் பொறுப்பைத் தொடாமல், மாத்திரையை விற்ற நிறுவனத்தின் அறக்கடமையைக் கேள்வியாக்கினார். அந்த நிறுவனமான டிஸ்டில்லர்ஸ் அவருடைய இதழின் பெரும் விளம்பரதாரர் என்பதை நினைத்துப் பாருங்கள். மருந்து எப்படிச் சோதிக்கப்பட்டது என்ற கட்டுரைக்கு நீதிமன்றம் தடை விதித்தது. மேல்முறையீட்டில் நீங்கிய அத்தடையை, அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1973இல் மீண்டும் நிலைநிறுத்தியது. அவர் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றார். 1979இல் அந்நீதிமன்றம் 11க்கு 9 என்ற கணக்கில் அத்தடை கருத்துரிமைக்கு எதிரானது எனத் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, டிஸ்டில்லர்ஸ் முதலில் தர முன்வந்ததைவிடப் பல மடங்கு தொகையை அக்குடும்பங்கள் பெற்றிருந்தன.

இத்தனை ஆண்டுகள் அவரால் நிற்க முடிந்ததற்கு அவருடைய துணிவு மட்டும் காரணமன்று. உரிமையாளர் ராய் தாம்சன், ஆசிரியர் பணியில் தலையிடுவதில்லை என்ற தம் கொள்கையை அச்சிட்ட அட்டையைப் பையிலேயே வைத்திருந்தவர். 1981இல் 'சண்டே டைம்ஸ்', 'டைம்ஸ்' இதழ்கள் பத்திரிகை அதிபர் ரூபர்ட் மர்டாக் கைக்கு மாறின. ஆசிரியரின் சுதந்திரம் பற்றி அரசுக்கு உறுதிமொழிகள் தரப்பட்டன. அவற்றை நம்பி 'டைம்ஸ்' ஆசிரியர் பொறுப்பை ஏற்ற எவன்ஸ், ஓராண்டில் பதவி விலக நேர்ந்தது. உறுதிமொழிகள் காக்கப்படவில்லை என்று பின்னாளில் அவர் எழுதியதைப் படித்தபோது, அதே மனிதர், அதே திறமை, உரிமையாளர் மட்டும் வேறு என்பதே என் மனத்தை வருத்தியது.

ஆகவே, தாம்சனின் அட்டையில் இருந்த அந்தக் கொள்கையைத் தங்கள் ஆசிரியர்களின் நியமன ஆணையிலேயே எழுதிக் கையொப்பமிட்டு, அதைத் தங்கள் இதழிலும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் வாசகர்