பாக்குவெட்டியில் பாதிப் பாக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போனில் "நான் தோத்துட்டேன்ப்பா" என்று நீ சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. "சரி, தூங்கு தாயி" என்று சொல்லி வைத்துவிட்டேன். நாலு நாளாக அந்த வார்த்தை மனசிலேயே கிடக்கிறது. போனில் பேசினால் நீ அழுவாய், நானும் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால்தான் கடிதம்.

உன் கவிதைப் புத்தகத்தை 300 பிரதி போட்டாய், 41 விற்றது. பரிசுக்குக் கடைசிச் சுற்றுவரை போய், வேறொருவருக்குக் கிடைத்தது. மிச்சப் புத்தகம் நம் வீட்டுப் பரணில் இருக்கிறது. இதைத்தானே தோல்வி என்கிறாய்?

பாரதி 1920-ல் கடையத்தில் இருந்தபோது ஒரு திட்டம் போட்டார். தன் எழுத்து அத்தனையையும் 40 புத்தகமாக்குவது, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சடிப்பது. மொத்தம் 4 லட்சம்! மண்ணெண்ணெய், தீப்பெட்டி மாதிரி வீட்டுக்கு வீடு போகும் என்று நம்பி, பணம் கேட்டு ஊரெல்லாம் கடிதம் எழுதினார். பணம் வரவில்லை. அடுத்த வருஷம் செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் இறந்துபோனார். வயது 38. சுடுகாட்டுக்குப் போனவர்கள் இருபது பேர்கூட இல்லை என்பார்கள். 1949-ல் அரசாங்கமே அவர் பாட்டுகளின் உரிமையை வாங்கியது.

இதை உனக்கு ஆறுதலாகச் சொல்லவில்லை. 'நாளைக்கு நம்மையும் கொண்டாடுவார்கள்' என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் பரிசை நினைத்து உட்கார்ந்திருப்பதும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது. அவருடைய கணக்கு அப்படியே பொய்த்துப் போனது. ஆனால் பாட்டில் அவர் பிழை விடவில்லை. இந்த இரண்டையும் நீ ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறாய்.

நான் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்த காலத்தில் நடந்தது ஒன்று சொல்கிறேன். உனக்கு இதுவரை சொன்னதில்லை.

கவிதைப் புத்தகம் கோப்பது தனி வேலை. கதை, கட்டுரை என்றால் ஸ்டிக்கில், அதாவது எழுத்தை அடுக்கும் கைத்தட்டில், வரி முழுக்க எழுத்து நிரம்பிவிடும். கவிதையில் மூன்று வார்த்தையோடு வரி முடிந்துபோகும். மிச்ச இடத்தைச் சும்மா விட முடியாது, விட்டால் எழுத்தெல்லாம் சரிந்துவிடும். அங்கே குவாட் வைத்து அடைக்க வேண்டும். அதுவும் ஈயம்தான், ஆனால் எழுத்தைவிட உயரம் குறைவு, மை ஒட்டாது. தாளில் வெறும் வெள்ளையாகத் தெரியும் இடம் என் கையில் எழுத்தைப் போலவே கனத்தது. பக்கத்தில் பாதிக்குமேல் அந்தக் கனம்தான்.

அப்போது ஒருவர் தன் கவிதைப் புத்தகத்தை எங்கள் அச்சகத்தில் கொடுத்திருந்தார். பள்ளிக்கூட வாத்தியார். புரூஃபெல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். கோத்த பக்கங்களை அடக்கிய சட்டத்துக்குப் பாரம் என்று பெயர்; அதை முடுக்கி டிரெடில் அச்சு மிஷினில் ஏற்றியாகிவிட்டது. ராத்திரி எட்டு மணிக்கு மழையில் நனைந்துகொண்டு ஓடி வருகிறார். கடைசி வரியில் 'மெல்ல' என்று ஒரு வார்த்தை, அதை எடுத்துவிட வேண்டும் என்கிறார். முதலாளிக்குக் கோபம். மிஷினை நிறுத்துவதற்குத் தனியாகப் பணம் கேட்டார். இவர் மேல்சட்டைப் பையைக் கவிழ்த்து, பஸ்ஸுக்கு வைத்திருந்த சில்லறையையும் சேர்த்து மேஜைமேல் வைத்தார்.

நான்தான் பாரத்தை இறக்கினேன். கொம்பு, ம, ல், ல. நாலு எழுத்தையும் ஊசியால் நெம்பி எடுத்துவிட்டு, அந்த அகலத்துக்குக் குவாட் வைத்தேன். ஈரமான புரூஃப் ஒன்று இழுத்துக் கொடுத்தேன். விளக்குக்குக் கீழே நின்று வாய்க்குள் ஒருமுறை படித்தார். அந்த முகத்தை இன்னும் மறக்கவில்லை. அப்புறம் மழையிலேயே நடந்து போனார். அந்தப் புத்தகம் எத்தனை விற்றதோ, யார் படித்தார்களோ எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ராத்திரி அவர் ஜெயித்துவிட்டார் என்பது எனக்குத் தெரியும். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

இப்போது உன் கவிதைக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

அப்பத்தா இறந்துபோன வருஷம் நீ எனக்கு எழுதி அனுப்பியது இவ்வளவுதான்:

பத்தாம் நாள்
வெற்றிலைப் பெட்டியைத் திறந்தோம்.
பாக்குவெட்டியின் இடுக்கில்
பாதிப் பாக்கு.

படித்துவிட்டு அன்றைக்கு நான் கடைக்குப் போகவில்லை. அவ்வளவு பெரிய மனுஷி, நாலு வரிக்குள் உட்கார்ந்திருந்தாள். புத்தகத்தில் பார்த்தால் அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி. 'மரணமும் இப்படித்தான், எதையும் பாதியில் விட்டுப் போகிறது' என்று. ஏன் சேர்த்தாய் என்று கேட்டேன். "நடுவர்களுக்குப் புரியணும்லப்பா" என்றாய்.

தாயி, தோல்வி என்று ஒன்று உண்டென்றால் அது அந்த இரண்டு வரிதான். அது வேண்டாம் என்று எழுதும்போதே உன் கைக்குத் தெரிந்திருக்கும். எனக்குப் பதில் சொன்னபோது உன் குரலும் இறங்கித்தான் இருந்தது. பரிசு கிடைத்திருந்தாலும் அந்த வரிகள் தப்பாகத்தான் இருந்திருக்கும். அப்போது உனக்கு உறுத்தாமலே போயிருக்குமோ என்று நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நம் முற்றத்தில் இப்போது அணில் ஜாஸ்தி. நீ இருந்தவரை விரட்டிக்கொண்டே இருப்பாய். இப்போது அவை காயப்போட்ட வத்தல்மேலேயே ஓடுகின்றன. அதைப் பார்த்தால் எனக்குக் குறுந்தொகையில் 41-வது பாட்டு ஞாபகம் வருகிறது. காதலன் பக்கத்தில் இருந்தால் திருவிழா நடக்கிற ஊர்போல இருப்பேன், அவன் போய்விட்டால் ஆள்கள் விட்டுப்போன வீடுபோல ஆகிவிடுவேன் என்கிறாள் ஒருத்தி. அந்த வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுகிறது. 'அணிலாடு முன்றில்.' எழுதியவர் பெயர் தெரியவில்லை, அதனால் அந்தச் சொல்லையே பெயராக வைத்து அவரை அணிலாடு முன்றிலார் என்றே சொல்கிறோம். அதற்கு முந்தின பாட்டு, 40-வது, செம்மண்ணில் விழுந்த மழைத்தண்ணீர். அதை எழுதியவருக்கும் அதே கதைதான், செம்புலப்பெயல்நீரார். சொந்தப் பெயர், ஊர், யாரிடம் பரிசு வாங்கினார்கள், வாங்கினார்களா இல்லையா, எதுவும் மிஞ்சவில்லை. அணில் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பரணில் கரையான் வரும் என்று புத்தகப் பெட்டிகளை இறக்கி, பலகை போட்டு அதன்மேல் அடுக்கியிருக்கிறேன். எதிர்வீட்டு அத்தை ஒரு பிரதி வாங்கிப் போனாள். காசு கொடுத்துத்தான் வாங்கினாள், ஆக 42. அந்தப் பாக்குவெட்டிக் கவிதையை மறுநாள் எனக்கே வாசித்துக் காட்டினாள். நாலாவது வரியில் நிறுத்திவிட்டுப் புத்தகத்தை மூடினாள். கீழே இருக்கிற இரண்டு வரியை அவள் படிக்கவே இல்லை.

தீபாவளிக்கு லீவு கிடைக்குமா என்று அம்மா கேட்கச் சொன்னாள். புதுசாக எழுதியிருந்தால் தபாலில் அனுப்பு. நகலெடுத்துச் சுத்தமாக அனுப்ப வேண்டாம், நீ அடித்துத் திருத்திய தாளையே அனுப்பு.

அன்புடன்,
அப்பா