ஆற்றோரம் கூடாரம் அடிக்கும் முன்

அன்புள்ள ரகு,

உன் கடிதம் கிடைத்தது. நீயும் கமலாவும் இந்தக் கோடையில் ஆற்றோரமாக நடந்து, இரவில் கூடாரத்தில் தங்கப் போகிறீர்கள் என்று படித்ததும் அத்தனை சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். என்னென்ன எடுத்துப் போவது என்று கேட்டிருந்தாய். அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது எங்கே தங்குவது என்பதுதான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தண்ணீர் ஓரத்தில் மெத்தென்று கிடக்கும் மணல்திட்டு கண்ணை இழுக்கும். அங்கே அடிக்காதே. அந்த மணலைக் கொண்டுவந்து போட்டதே வெள்ளம்தான். உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும். மலையில் மாலையில் பெய்த மழை நள்ளிரவில் உங்களிடம் வந்து சேரும். மேலே அணை இருந்தால், தண்ணீர் திறக்கும் நேரத்தை விசாரிக்காமல் ஆற்றில் இறங்கவே வேண்டாம். கரையோரப் புதர்களைப் பார். சருகும் குச்சியும் எந்த உயரத்தில் சிக்கிக் கிடக்கின்றனவோ, முந்தைய வெள்ளம் அதுவரை வந்திருக்கிறது. கூடாரம் அதற்கும் மேலே இருக்கட்டும். நீரிலிருந்து 60 மீட்டர் தள்ளி என்பது பொதுக் கணக்கு, ஆனால் தூரத்தைவிட உயரத்தைத்தான் நான் நம்புவேன். இன்னொன்று: ஆற்றுக்கும் காய்ந்த ஓடைக்கும் நடுவில் தங்காதே. தண்ணீர் ஏறினால் முதலில் அந்த ஓடை நிரம்பி, நீங்கள் தீவில் மாட்டிக்கொள்வீர்கள். அண்ணாந்தும் பார்த்துக்கொள், பட்ட கிளை காற்றில்லாத இரவிலும் முறிந்து விழும்.

இருட்டுவதற்குள் நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவை. குச்சி முழுகத் தொடங்கினாலோ, நீர் கலங்கி இலைதழை மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ மூட்டை கட்ட நேரம் கடத்தாமல் உடனே மேலே ஏறிவிடுங்கள்.

உயரத்தில் தங்குவதால் குளிரும் குறையும். இரவில் குளிர்காற்று பள்ளத்தில் இறங்கித் தேங்கும். நீரோரத்தில் ஈரமும் சேரும். காலையில் கூடாரத்தின் உட்புறம் சொட்டுச் சொட்டாக நனைந்திருந்தால், பெரும்பாலும் அது ஒழுகிய மழை இல்லை, உங்கள் இருவரின் மூச்சு. மேல்விரிப்பு உள்கூடாரத்தைத் தொடாதபடி இழுத்துக் கட்டி, இரு பக்கமும் காற்றுவழியைத் திறந்துவை.

'இருவர் கூடாரம்' என்று விற்பவற்றின் தரை அகலம் பெரும்பாலும் 130 சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும். 51 சென்டிமீட்டர் அகலப் பாய் இரண்டு போட்டால் கொஞ்சம் இடம் மிஞ்சும். 64 சென்டிமீட்டர் பாய் என்றால் சுவரோடு ஒட்டித்தான் படுக்க வேண்டும், படுக்கைப்பை நனையும். கொஞ்சம் எடை கூடினாலும் மூவர் கூடாரமே நல்லது. ஆளுக்கொரு வாசல் இருந்தால் ஒருவர் எழுந்து போக மற்றவரை எழுப்ப வேண்டியதில்லை.

சுமையைச் சரிபாதியாகப் பிரிக்காதீர்கள். அவரவர் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். கூடாரமும் அடுப்பும் பொதுவாக இருக்கலாம். விசில், தலைவிளக்கு, மழைக்கோட்டு, தண்ணீர், கொஞ்சம் சாப்பாடு ஆகியவை மட்டும் ஒவ்வொருவர் பையிலும் தனித்தனியாக இருக்க வேண்டும். இருவர் மட்டுமே போகும் பயணத்தில் ஒருவருக்கு ஒன்றென்றால் உதவிக்கு மற்றவர்தான். ஆற்று இரைச்சலில் இருபதடி தள்ளிக் கூப்பிட்டாலே குரல் கேட்காது, விசில் கேட்கும். ஆபத்து என்றால் நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊத வேண்டும். பதில் மூன்று முறை.

தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அப்படியே குடிக்காதீர்கள். கொதித்துப் பொங்கி ஒரு நிமிடம் இருந்தால் போதும். 2000 மீட்டர் உயரத்துக்கு மேல் மூன்று நிமிடம். குழாய் வடிகட்டி பாக்டீரியாவைப் பிடிக்கும், வைரஸ் அதில் நழுவிவிடும். மேலே ஊர்கள் இருந்தால் கொதிக்க வைப்பதே பத்திரம். கலங்கிய நீரை முதலில் தெளியவிட்டுத் துணியில் வடிகட்டு, இல்லாவிட்டால் வடிகட்டி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அடுப்பை மட்டும் எந்த மழைக்கும் கூடாரத்துக்குள் ஏற்றாதே. அடுப்பு எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு மணம் கிடையாது.

நடைக்கு எவ்வளவு நேரமாகும் என்று பார்க்க, நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் சொன்ன கணக்கு இன்றும் உதவும்: மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். ஆற்றோரப் பாறைகளில் அந்த வேகம் வராது, பாதி என்றே வைத்துக்கொள். வெயிலில் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உடம்பில் உப்பு குறைந்துவிடும். நன்றாக வியர்த்த பிறகு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து குடியுங்கள்.

இனி ஆற்றைக் கடப்பது. எனக்குக் கவலை இதில்தான். நீரின் வேகம் இரட்டித்தால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். வேகமான ஓட்டம் முழங்காலுக்கு மேல் வந்தால் திரும்பிவிடுங்கள். குறுகலான இடம் சுலபமாகத் தெரியும், ஆனால் ஆழமும் வேகமும் அங்கேதான் அதிகம். அகன்று பரவி ஓடும் இடத்தைத் தேடு. கடக்கும் இடத்துக்குக் கீழ்த்திசையில் விழுந்த மரம் ஏதும் ஆற்றில் கிடக்கிறதா என்றும் பார், தண்ணீர் கிளைகளுக்குள் புகுந்து போய்விடும், ஆள் சிக்கிக்கொள்வார். காலணியைக் கழற்ற வேண்டாம். பையின் இடுப்புப் பட்டையையும் நெஞ்சுப் பட்டையையும் அவிழ்த்துவிடுங்கள். நீ ஓட்டத்தைப் பார்த்துக் கோலூன்றி முன்னால் நில், கமலா உன் பின்னால் நின்று பையைப் பிடித்துக்கொள்ளட்டும். ஒரு நேரத்தில் ஒருவரே அடியெடுத்து வைக்க வேண்டும். இழுத்துக்கொண்டு போனால் மல்லாந்து, கால்களைக் கீழ்த்திசையில் நீட்டி மித. வேகமான நீரில் எழுந்து நிற்க முயலாதே. பாதம் கற்களுக்கிடையில் மாட்டினால் ஓட்டம் ஆளைக் கவிழ்த்து அமுக்கிவிடும். கயிற்றை உடம்பில் கட்டிக்கொண்டு இறங்குவதும் இதே காரணத்தால் ஆபத்து. பனிமலையிலிருந்து வரும் ஆறாக இருந்தால் விடியற்காலையில் கடந்துவிடுங்கள், பிற்பகலில் பனி உருகி நீர் ஏறும்.

கழிப்பதற்கு நீரிலிருந்து 60 மீட்டர் தள்ளி, ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டுங்கள். பாத்திரத்தையும் நீரிலிருந்து அதே அளவு தள்ளி, வேறிடத்தில் கழுவுங்கள். மக்கும் சோப்பு என்று எழுதியிருந்தாலும் ஆற்றில் கலக்க வேண்டாம்.

கிளம்பும் முன் பாதை, தங்கும் இடங்கள், திரும்பும் நாள், அங்கே மீட்புக்குக் கூப்பிட வேண்டிய எண் எல்லாம் எழுதி எனக்கு அனுப்பு. அன்றிரவு எத்தனை மணி வரை உன் தகவலுக்காகக் காத்திருக்கலாம், எப்போது அந்த எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் நீயே குறித்துவிடு.

அன்புடன்,
சேகர்