தக்காளியை நம்பி மாடியேறாதே

அம்மாபேட்டை, சேலம்.

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இத்தனை ஆண்டுகள் ஏற்காட்டில் இருந்துவிட்டு, ஆடி பிறப்பதற்குள் சேலத்துக்கு இறங்கி மகன் வீட்டோடு தங்கப்போகிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. எனக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை; மற்றபடி எல்லோரும் நலம்.

மொட்டைமாடியில் தோட்டம் போட்டால் காய்கறிச் செலவு குறையுமா, முதலில் தக்காளியை வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். நானும் அப்படித்தான் தொடங்கினேன். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சென்னையில் ரேஷன் கடைகளில் அரசே 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்ததே, அந்தக் கோபத்தில் அடுத்த ஆண்டு கோடையில் பன்னிரண்டு பைகளில் தக்காளி நட்டேன். செடிகள் இடுப்பளவு வளர்ந்து பூத்தன; பூக்கள் எல்லாம் காம்போடு உதிர்ந்தன. பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் சூடு தணியாமல் இருந்தால் தக்காளிப் பூவின் மகரந்தம் வீரியம் இழந்துவிடும் என்பதை அதன் பிறகே தெரிந்துகொண்டேன். ஆனி, ஆடியில் சந்தையில் விலை ஏறுவதற்கு, வயலில் கோடை வெயிலுக்குப் பூ உதிர்ந்து வரத்துக் குறைவதும் ஒரு காரணம். வயலைச் சுட்ட அதே வெயில், சிமெண்ட் தளத்தின் மேல் நிற்கும் நம் செடியை இன்னும் கடுமையாகச் சுடுகிறது. ஆகவே விலை ஏறும் நாளில் மாடித் தக்காளி கைகொடுக்கும் என்று நம்பாதே. ஐப்பசிக்குப் பிறகு நட்டால் நன்றாகக் காய்க்கும்; ஆனால் அது பழுக்கும் காலத்தில் தாதகாப்பட்டி உழவர் சந்தையிலும் பெரும்பாலும் மலிவாகவே கிடைக்கும்.

ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் உன் தோட்டத்து அனுபவம், அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கீழே வந்ததும் பாதிக்குமேல் உதவாது. அங்கே வேலியெல்லாம் படர்ந்து கிடக்கும் செளசெள இங்கே வாடிப்போகும். பங்குனியிலிருந்து ஆனி வரை நிழல்வலை இல்லாமல் எதையும் காப்பாற்ற முடியாது.

உண்மையில் பணம் மிச்சமாவது கீரையில்தான். அரைக்கீரையை ஒருமுறை விதைத்துவிட்டால், அடியில் இரண்டு விரற்கடை விட்டு நறுக்க நறுக்க மாதக்கணக்கில் துளிர்த்துக்கொண்டே இருக்கும். பொன்னாங்கண்ணிக்கு விதைகூட வேண்டாம். தண்டை ஒடித்து ஊன்றினால் போதும். பச்சை மிளகாய்ச் செடி நான்கும், பெரிய தொட்டியில் ஒரு கறிவேப்பிலையும் இருந்தால், கடைக்காரர் கொசுறாகக் கொடுத்த கறிவேப்பிலையைக் காசுக்கு விற்கும் நாளில்கூட நாம் கவலைப்பட வேண்டியதில்லை. அரிசி, பருப்பு, எண்ணெய் விலைக்கு மாடியில் மருந்து கிடையாது என்பதையும் மகனிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

ஆடிப்பட்டத்தில் பீர்க்கனும் சுரையும் போட்டுப் பந்தல் கட்டு. பீர்க்கம்பூ மாலையில்தான் மலரும். இரண்டாம் மாடிக்குத் தேனீ வருவது அரிது என்பதால், விளக்கேற்றும் நேரத்தில் நான் ஆண் பூ ஒன்றைப் பறித்து, அடியில் சிறு பிஞ்சோடு நிற்கும் பெண் பூவில் மெல்லத் தடவிவிடுவேன். நாளெல்லாம் எத்தனை சோர்வு இருந்தாலும், அந்த ஐந்து நிமிடத்துக்காக நான் மாடியேறுவேன். முதலில் ஆண் பூக்களாகவே பூக்கும். மலட்டுக் கொடி என்று பிடுங்கிவிடாதே.

செம்மண்ணை மட்டும் நிரப்பினால் நனைந்ததும் பாரம் தாங்காது. தேங்காய் நார்க்கழிவை இரண்டு மூன்று முறை நீர் மாற்றி அலசி உப்பை நீக்கி, மண்ணும் மக்கிய உரமும் சேர்த்துக் கலந்து, பைகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவரோரமாக வை. நீர் தேங்காதவாறு பைகளுக்கு அடியில் செங்கல் கொடு. முதல் ஆண்டில் பைக்கும் வலைக்கும் ஆன செலவு காய்கறியாகத் திரும்பவில்லை என்பதை உன்னிடம் மறைக்கமாட்டேன். இரண்டாம் ஆண்டிலிருந்து கீரைக்காக நான் கடைக்குப் போனதே இல்லை.

மூட்டை கட்டும்போது செளசெள முளைக்காயை மட்டும் விட்டுவிட்டு வா. உனக்காகப் பொன்னாங்கண்ணித் தண்டுகளை ஒரு பையில் தனியே ஊன்றி வைத்திருக்கிறேன். நீ வந்து சேரும்போது அவை வேர் பிடித்திருக்கும்.

அன்புடன்,
உன் தோழி