அது ஆலமரம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு மலரில் மெக்சிகோவின் துலே மரப் படத்துக்குக் கீழே 'ராட்சத ஆலமரம்' என்று போட்டுவிட்டீர்கள். அது ஊசியிலை இனம், பெயர் அவெவெத்தே. அந்நாட்டின் தேசிய மரம்.

அந்த மரம் நிற்கும் வஹாக்கா மாநிலத்துக்குப் போனபோது நேரில் பார்த்தேன். அடிமரச் சுற்றளவே 36 மீட்டருக்குக் குறையாது. பல மரங்கள் ஒட்டிக்கொண்டதோ என்று தோன்றும். ஒரே மரம்தான் என்கிறது மரபணுச் சோதனை. உதிர்ந்து கிடந்த சிறு கிளையை எடுத்துத் தடவினேன். ஊசி என்று சொல்லவே மனம் வராது, இறகு மாதிரி அத்தனை மெது.

இயல்பில் இது ஆற்றங்கரை மரம். வேர் ஈரத்தை விட்டு விலகாது. துலே என்ற சொல்லுக்கே கோரை என்றுதான் பொருள். அந்த இடமும் ஒருகாலத்தில் சதுப்புதான். இன்று பக்கத்திலேயே நெடுஞ்சாலை, போதாததற்குத் தண்ணீர்த் தட்டுப்பாடு. திருத்தம் போடும்போது இதையும் இரண்டு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்