படத்தைச் சிறிதாக்குங்கள், எண்ணைப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூளைக்குள் இருக்கும் இணைப்புகளைப் பற்றித் தாங்கள் தொடங்கியிருக்கும் தொடரின் முதல் பகுதியைப் படித்தேன். இப்படியொரு விஷயத்தைத் தமிழில் எழுதத் துணிந்ததற்கே பாராட்ட வேண்டும். நரம்பணுக்களையும் இரத்த ஓட்டத்தையும் விளக்கிய இடங்களில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. என் வருத்தமெல்லாம் மூளைப் பகுதிகளைக் கோடுகளால் இணைத்து முழுப் பக்கத்துக்குப் போட்டிருந்த அந்த வண்ணப் படத்தின் மேல்தான். ஒருவரின் புத்திக்கூர்மையும் சுபாவமும் அந்தக் கோடுகளில் தெரிந்துவிடும் என்ற பொருளில் கீழே ஒரு வரியும் இருந்தது. உளவியல் மாணவர்களுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தே காலம் கழித்தவன் நான். அந்த வரியைச் சும்மா விட மனம் வரவில்லை.

அந்தக் கோடுகளை எந்த ஸ்கேனரும் பார்ப்பதில்லை. செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. அளப்பது இரத்தத்தில் ஆக்சிஜன் நிலை மாறுவதால் எழும் சமிக்ஞையை. நரம்பணுக்கள் வேலை செய்தபின் அது உச்சத்தை எட்டவே ஐந்தாறு விநாடி ஆகும். ஓரிரு விநாடிக்கு ஒருமுறை என்று சில நிமிடங்கள் அளந்து, இரண்டு பகுதிகளின் ஏற்ற இறக்கம் சேர்ந்தே நடந்தால் அவற்றுக்கு நடுவே ஒரு கோடு போடுகிறார்கள். கோடு என்று நாம் காண்பது ஓர் ஒட்டுறவுக் கெழு, அதாவது இரண்டு அளவுகள் எவ்வளவு தூரம் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று சொல்லும் எண். முழுக்கச் சேர்ந்தே நடந்தால் 1, தொடர்பே இல்லையென்றால் 0. புள்ளியியல் முன்னோடி கார்ல் பியர்சன் காலத்திலிருந்து இருந்துவரும் சங்கதி. மூன்றாவது பகுதி ஒன்று மற்ற இரண்டையும் ஆட்டிவைத்தாலும் அதே கோடுதான் வரும்.

இப்போது எண்ணிப் பாருங்கள். மூளையை 400 பகுதிகளாகப் பிரிப்பது இன்று சகஜம். 400 பகுதிகளுக்கு 79,800 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியின் இணைப்பையும் ஏதோ ஒரு மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு, வழக்கமான 5 சதவீத வரம்பை (தொடர்பே இல்லாதபோதும் நூற்றில் ஐந்து முறை தற்செயலாகத் தாண்டிவிடக்கூடிய அளவை) வைத்தால், உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாதபோதும் சராசரியாக 3,990 ஜோடிகள் தேறிவிடும். அழகான படம் வரைய அது தாராளம். இதற்குத் திருத்த முறைகள் உண்டு. புள்ளியியலாளர்கள் பெஞ்சமினியும் ஹாக்பெர்க்கும் 1995-இல் தந்த முறை எல்லோருக்கும் தெரிந்தது. திருத்தம் செய்யாவிட்டால் செத்த சால்மன் மீனின் மூளைகூட வேலை செய்வதாகத் தெரியும் என்று காட்டிய குழுவுக்கு 2012-இல், முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் கிடைத்தது. துறையே சிரித்தது, திருந்தவும் செய்தது.

சிரித்துக் கடக்க முடியாத சிக்கல் வேறொன்று. மூளையையும் நடத்தையையும் தொடர்புபடுத்தும் ஆய்வுகளில் கலந்துகொள்வோர் எண்ணிக்கை நெடுங்காலம் 25 பேர் அளவிலேயே இருந்துவந்தது. 25 பேரை வைத்துக் கணக்கிடும் ஒட்டுறவு 5 சதவீத வரம்பைத் தாண்ட வேண்டுமென்றால் அது ஏறத்தாழ 0.40 இருந்தாக வேண்டும். எந்தப் புள்ளியியல் பாடநூலின் கடைசிப் பக்க அட்டவணையிலும் இதைப் பார்க்கலாம். உண்மையான ஒட்டுறவு 0.10 என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஆய்வு செய்கிறார், 0.10 என்றே சரியாக விடை வருகிறது. வரம்பைத் தாண்டாததால் அந்தக் கட்டுரை மேசை இழுப்பறையில் தூங்கும். இன்னொருவருக்குத் தற்செயலாக 0.45 கிடைக்கிறது. அது அச்சேறும், பிறகு தங்கள் இதழுக்கும் வந்து சேரும். சிறிய ஆய்வு அச்சேற வேண்டுமானால் உண்மையை நாலு மடங்கு பெருக்கிக் காட்டியாக வேண்டும் என்றாகிறது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை, எண்ணைத் திருத்தவில்லை. சரியான விடையைத் தடுத்துப் பெருத்த விடையை மட்டும் விடும் வடிகட்டி ஒன்று நடுவில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மோசடியைவிட இது எனக்கு அதிகக் கவலை தருகிறது. மோசடி செய்தவரையாவது ஒருநாள் பிடித்துவிடலாம்.

ஸ்காட் மாரெக்கும் குழுவினரும் 2022-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதைப் பெரிய அளவில் சோதித்தது. மூன்று பெரிய தரவுத் தொகுப்புகள், ஏறக்குறைய 50,000 பேர். மூளைக்கும் மனத்திறன், மனநலம் போன்றவற்றுக்கும் இடையே கிடைத்த ஒட்டுறவுகளின் இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது) 0.01. வேறு ஆட்களிடம் சோதித்தபோதும் நிலைத்து நின்றவற்றில் ஆகப் பெரியதே 0.16. அதை வர்க்கப்படுத்தினால் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் நூற்றுக்கு மூன்று பங்குகூடத் தேறாது. ஒரே கேள்விக்கு 25 பேர் கொண்ட இரண்டு குழுக்கள் நேரெதிரான விடை தரக்கூடும் என்பதையும் அவர்கள் காட்டினார்கள். பல இணைப்புகளைச் சேர்த்துக் கணிக்கும் முறைகள் இதைவிடக் கொஞ்சம் மேல். அவற்றை வைத்தும்கூட ஒரு தனி மனிதரைப் பார்த்து இவர் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது.

எண்ணிக்கையைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஸ்கேனருக்குள் படுத்திருப்பவரின் தலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைந்தாலே போதும், அருகருகே உள்ள பகுதிகளின் ஒட்டுறவு ஏறும், தொலைவில் உள்ளவற்றின் ஒட்டுறவு இறங்கும். குழந்தைகள் பெரியவர்களைவிட அதிகம் அசைவார்கள் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குழந்தை மூளையில் அருகாமை இணைப்புகளே அதிகம், வளர வளரத் தொலைதூர இணைப்புகள் வலுப்பெறும் என்று இந்த அசைவுப் பிழை தெரியவருவதற்குமுன் ஓர் ஆய்வகம் சொல்லிவந்தது. அந்தக் கருத்தின் ஒரு பகுதி வெறும் தலையசைவின் விளைவாக இருக்கலாம் என்று 2012-இல் எழுதியவர்களும் அதே ஆய்வகத்தினர்தான். தங்கள் சொந்த முடிவையே உலுக்கிப் பார்த்த அவர்கள்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அசைவில் விளையும் பிழைக்கு ஆட்களைக் கூட்டுவது மருந்தாகாது. ஆயிரம் பேர் அசைந்தால் அந்தப் பிழை இன்னும் உறுதியாகத் தெரியும்.

இத்தனையும் சொன்னதால் இந்தத் துறையே வீண் என்று நான் கருதுவதாக எண்ண வேண்டாம். விரலைக்கூட அசைக்காமல் ஓய்வாக இருப்பவரின் இடது, வலது இயக்கப் புறணிகள் (உடல் அசைவைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதிகள்) இரண்டும் ஒத்திசைந்து ஏறி இறங்குவதை 1995-இல் பிஸ்வால் குழு காட்டியது. பிறகு எத்தனையோ பேர் சோதித்தும் அது அசையவில்லை. 2017-இல் இன்னொரு குழு பத்தே பேரை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரையும் ஓய்வுநிலையில் மட்டும் ஐந்து மணி நேரம் அளந்து, ஆளுக்கொரு நம்பகமான வரைபடம் தயாரித்தது. அவர்களின் கேள்விக்குப் பத்துப் பேர் போதும். இந்த மூளை எப்படி அமைந்திருக்கிறது என்பது ஒரு கேள்வி. இப்படி அமைந்தவர்கள் கணிதத்தில் கெட்டிக்காரர்களா என்பது முற்றிலும் வேறு கேள்வி. தங்கள் கட்டுரை முதலாவதில் தொடங்கி, வாசகருக்குத் தெரியாமலே இரண்டாவதில் போய் முடிந்தது. பிள்ளைகள் என்ன படிக்கலாம் என்று ஸ்கேன் பார்த்துச் சொல்லும் நாள் தொலைவில் இல்லை என்ற கடைசிப் பத்தியும் அப்படி வந்ததுதான். அதைப் படித்துவிட்டுப் பணத்தோடு ஸ்கேன் மையத்துக்குப் போகும் பெற்றோருக்கு யார் பதில் சொல்வது?

தொடர் இன்னும் சில வாரம் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். இனி ஒவ்வொரு படத்துக்கும் கீழே எத்தனை பேரை அளந்தார்கள், எத்தனை ஒப்பீடுகள் செய்தார்கள், தலையசைவை எப்படிக் கையாண்டார்கள், வேறு ஆட்களிடம் சோதித்தபோது முடிவு நின்றதா என்று இரண்டு வரி போடச் சொல்லுங்கள். இடம் போதாது என்று வடிவமைப்பாளர் முறையிட்டால், படத்தை அரைப் பக்கமாக்கிவிடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர் ஒருவர்