வெயிலும் இடியும் சேர்ந்து வரும் வாரம்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

பள்ளி திறந்து இரண்டாவது வாரம் தொடங்குகிறது. கத்திரி முடிந்தும் நம் குடியாத்தம் பக்கம் வெயில் இறங்கவில்லை. வரும் வாரம் முழுக்கப் பகலில் 38 முதல் 40 டிகிரி வரை வெயில் அடிக்கும், மாலையிலோ இரவிலோ ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை பெய்யலாம் என்பது வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பு. வெயிலுக்காகப் பள்ளி திறப்பையே தள்ளிவைத்த ஆண்டுகள் உண்டு. 2023-ல் ஜூன் 1-இலிருந்து 7-க்கும், பிறகு 12-க்கும் தள்ளிப்போனது. 2024-ல் ஜூன் 6-இலிருந்து 10-க்குப் போனது. இப்போது பள்ளி நடக்கிறது, பிள்ளைகள் வருகிறார்கள். அதனால் சில ஏற்பாடுகளை உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாலை 4.10-க்கு பள்ளி விடும் நேரத்தில் இடிச்சத்தம் கேட்டால் எந்தப் பிள்ளையையும் வெளியே அனுப்ப மாட்டோம். கடைசியாக இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகுதான் கேட் திறக்கும். நடுவில் இன்னொரு இடி கேட்டால் அந்த 30 நிமிடம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மழை ஒரு துளி விழாவிட்டாலும் இதுதான் நடைமுறை. நீங்கள் வண்டியோடு வாசலில் வந்து நின்றாலும் இதுதான். அப்படி வந்தவர்கள் தயவுசெய்து உள்ளே வந்து, கான்கிரீட் கட்டடத்தின் வகுப்பறையில் பிள்ளையோடு உட்காருங்கள். நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.

இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் இந்த மாதத்து மழையின் போக்கு. தென்மேற்குப் பருவமழை கேரளாவில் கொட்டும்போது, மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்கு வறண்ட மேற்குக் காற்றுதான் வந்து சேர்கிறது. தரை காலையிலிருந்து காய்ந்து சூடேறுகிறது. பிற்பகலில் கிழக்கிலிருந்து ஈரத்தோடு ஏறிவரும் கடற்காற்று இந்த மேற்குக் காற்றைச் சந்திக்கும் இடத்தில் மேகம் திரளும். ஜவ்வாது மலையிலும் ஆந்திர எல்லைக் குன்றுகளிலும் சூடான காற்று மேலெழும்பித் திரளும் மேகமும் உண்டு. அந்த மேகம் ஒரு மணி நேரத்துக்குள் 10, 12 கிலோமீட்டர் உயரத்துக்கு வளர்ந்துவிடும். பேரணாம்பட்டில் கொட்டித் தீர்க்கிற அதே நேரத்தில் கே.வி.குப்பத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். காலையில் வானத்தைப் பார்த்து இன்று நமக்கு உண்டா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் தெரியும்: இது திரண்டு வருகிற நேரமும் பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்புகிற நேரமும் ஒன்றாக இருக்கின்றன.

மின்னல் மழை பெய்கிற இடத்தில் மட்டும் விழுவதில்லை. மழையிலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளியும் விழும். இடி காதில் விழுகிறது என்றாலே மின்னல் எட்டும் தூரத்தில் நாம் நிற்கிறோம் என்று அர்த்தம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் மட்டும் நாட்டில் 2,887 பேர் மின்னல் தாக்கி இறந்திருக்கிறார்கள். வயலில் வேலை செய்தவர்களும், ஆடு மாடு மேய்த்தவர்களும், மழைக்கு மரத்தடியில் ஒதுங்கியவர்களும் இப்படித்தான் ஆண்டுதோறும் போகிறார்கள். நம்மைப் போன்ற ஊர்க்காரர்கள்தான் அவர்கள்.

மரத்தடி என்றதும் நம் பள்ளி வாசலில் இருக்கும் புளியமரம்தான் என் கண்ணில் நிற்கிறது. நாலு மணிக்கு அதன் கீழே பத்துப் பன்னிரண்டு இருசக்கர வண்டிகள் நிற்கும். தூறல் போட்டதும் எல்லோரும் இன்னும் அடிமரத்தை ஒட்டிப் போய் நிற்பார்கள். வெயிலுக்கு அந்த மரத்தை விட்டால் நமக்கு வேறு கதி இல்லை, மதியம் 12 மணிக்கு அதன் நிழலில் நில்லுங்கள். ஆனால் இடி கேட்ட பிறகு அதே மரத்தடிதான் ஊரிலேயே மோசமான இடம். உயரமாக இருப்பதால் மின்னல் அதில் இறங்கும். இறங்கியது பக்கத்தில் நிற்பவர்மேல் தாவும், வேர் ஓடும் தரை வழியாகவும் பாயும். இந்த வாரம் இடி கேட்டால் வாட்ச்மேன் விசில் ஊதி உங்களை உள்ளே கூப்பிடுவார். அவரோடு வாதம் செய்யாதீர்கள். நான் சொல்லித்தான் அவர் ஊதுகிறார்.

பள்ளியில் நிறுத்திவைப்பதால் 4.30 டவுன் பஸ்ஸைப் பிள்ளைகள் விடக்கூடும். அடுத்த பஸ் 5.45-க்குத்தான். கடைசிப் பிள்ளை ஏறும்வரை இரண்டு ஆசிரியர்கள் கூடவே நிற்பார்கள், நானும் இருப்பேன். ஷூ கம்பெனி வேனில் வேலைக்குப் போய் ஆறரை, ஏழுக்குத் திரும்பும் அம்மாக்கள் பலர் இருக்கிறீர்கள். வேலை நேரத்தில் போனை எடுக்க முடியாது என்பதும் தெரியும். அதனால்தான் பக்கத்து வீட்டார் ஒருவரின் எண்ணையும் கேட்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நடந்தும் சைக்கிளிலும் போகிற பிள்ளைகளுக்கு இன்னொரு சொல். ஏரிக்கரை வழி குறுக்கு வழிதான், பத்து நிமிடம் மிச்சமாகும். ஆனால் அந்தக் கரையில் ஒதுங்க ஒரு திண்ணைகூடக் கிடையாது, இருபுறமும் வெட்டவெளி, நடக்கிற பிள்ளைதான் அங்கே உயரமான பொருள். இந்த வாரம் தார்ச்சாலை வழியாக, வீடுகள் இருக்கும் தெருக்கள் வழியாகவே போகட்டும். பாதி வழியில் இடி பிடித்துக்கொண்டால் எந்த வீடாக இருந்தாலும் கதவைத் தட்டி உள்ளே போகச் சொல்லியிருக்கிறேன். அந்தத் தெருக்காரர்களும் உங்களில் பலர்தான். யார் வீட்டுப் பிள்ளை வந்து தட்டினாலும் உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

பிள்ளை வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகும் ஆபத்து இருக்கிறது. உங்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான். வானம் கறுத்ததும் நம் வீடுகளில் முதலில் எழும் குரல் என்ன? "பாப்பா, மழ வர்ற மாதிரி இருக்கு, ஆட்ட ஓட்டிக்கினு வா." "மாடில துணி காயுது, ஓடிப்போய் எடுத்துக்கினு வா." காயவைத்த மிளகாய் நனைந்தால் நஷ்டம்தான், துணி நனைந்தால் மறுநாள் யூனிஃபார்ம் இருக்காதுதான். ஆனாலும் இடி கேட்ட பிறகு பிள்ளையை மொட்டைமாடிக்கோ கொல்லைமேட்டுக்கோ அனுப்பாதீர்கள். மதியம் மூன்று மணிக்குள் வீட்டில் இருப்பவர்கள் துணியையும் மிளகாயையும் எடுத்து வைத்துவிடுங்கள். ஆட்டைக் கொஞ்சம் முன்னாடியே கொட்டிலுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இடி இடிக்கும்போது "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லும் பாட்டிகள் தாராளமாகச் சொல்லட்டும், பிள்ளைகளும் கூடச் சேர்ந்து சொல்லட்டும். வீட்டுக்குள் உட்கார்ந்து சொன்னால் போதும்.

அந்த நேரத்தில் சார்ஜ் போட்டபடி செல்போன் பேச வேண்டாம். பிளக்கிலிருந்து கழற்றிய போனால் ஆபத்தில்லை. தறி மோட்டார், டிவி இரண்டையும் நிறுத்திவிடுங்கள். குழாயடியில் குளிப்பதும் பாத்திரம் கழுவுவதும் கொஞ்சம் பொறுக்கலாம். காற்றில் மின்கம்பி அறுந்து கிடந்தால் யாரும் கிட்டே போகாமல் தடுத்துவிட்டு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லுங்கள். யாரையாவது மின்னல் தாக்கிவிட்டால் தொடப் பயப்படாதீர்கள். அவர் உடம்பில் மின்சாரம் தங்காது. மூச்சும் நாடியும் இல்லையென்றால் 108-க்குப் போன் போட்டுவிட்டு நெஞ்சின் நடுவில் இரு கையாலும் அழுத்திக்கொண்டே இருங்கள். உடனே அழுத்தினால் பிழைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்கள் புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். சுற்றுவட்டாரத்தில் மின்னல் இருந்தால் அது எச்சரிக்கும். மேல் வகுப்புப் பிள்ளைகள் உங்களுக்குப் போட்டுத் தருவார்கள்.

இனி வெயில். காலை வழிபாட்டுக் கூட்டம் இந்த வாரம் 10 நிமிடம்தான், அதுவும் நிழலில். விளையாட்டுப் பாடவேளை எல்லாம் காலை 10.30-க்குள் முடியும்படி மாற்றியாகிவிட்டது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட இரண்டு வகுப்பறைகளில் மதியத்துக்கு மேல் யாரும் உட்கார மாட்டார்கள். அந்தப் பிள்ளைகள் நூலக அறைக்கும் ஆய்வகத்துக்கும் வந்துவிடுவார்கள். தண்ணீர் மணி 11, 1, 3 மணிக்கு அடிக்கும். அடித்ததும் ஆசிரியரும் பிள்ளைகளும் பாடத்தை நிறுத்திவிட்டுக் குடிப்பார்கள்.

மணி அடித்தும் குடிக்காத பிள்ளைகள் இருக்கிறார்கள், பெரும்பாலும் பெண் பிள்ளைகள். காலையில் கொண்டுவந்த பாட்டிலைச் சாயங்காலம் அப்படியே நிறைந்தபடி தூக்கிக்கொண்டு போகிறார்கள். தண்ணீர் குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டும், அதற்குத் தயங்கித்தான் குடிப்பதில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி காலை எட்டு மணிக்கு வீட்டில் கழிவறைக்குப் போனவள் சாயங்காலம் வீடு திரும்பும்வரை அடக்கி வைத்திருக்கிறாள். இந்த வெயிலில் அது மயக்கத்தில் முடியும், நாளடைவில் சிறுநீர்ப்பாதைத் தொற்றில் கொண்டுபோய் விடும். பெண் பிள்ளைகள் கழிவறையில் தண்ணீர் இப்போது நாள் முழுக்க வருகிறது. காலை, மதியம் இரண்டு வேளையும் கழுவி, தாழ்ப்பாள் எல்லாம் சரிபார்த்திருக்கிறோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள அம்மாக்கள் எந்த நாளும், எந்த நேரமும், சொல்லாமல்கூட வந்து பார்க்கலாம். குறை இருந்தால் நேராக என் அறைக்கு வந்து சொல்லுங்கள். உங்கள் பங்குக்கு, மகள் வீட்டுக்கு வந்ததும் பாட்டிலைத் திறந்து பாருங்கள். நிறைந்திருந்தால் திட்டாமல் ஏன் என்று கேளுங்கள். மாதவிலக்கு நாட்களில் நாப்கினுக்கு வகுப்பாசிரியையிடம் கேட்டாலே போதும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைகளைப் பற்றியும் கவலையாக இருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்புவரைதான், நம் பிள்ளைகள் ஆறிலிருந்து பன்னிரண்டு. மதியச் சத்துணவுவரை ஒன்றும் சாப்பிடாமல் இந்த வெயிலில் தாங்காது. இட்லி தோசைக்கு நேரமில்லை என்றால் வேண்டாம். இரவே தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றில் மோரும் உப்பும் போட்டு ஒரு கிண்ணம், அல்லது ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ் போதும். இந்த வெயிலுக்கு அதைவிட நல்லது எதுவும் இல்லை. கடையில் விற்கும் கலர் பானத்துக்குக் காசு கொடுத்து அனுப்பாதீர்கள்.

வாந்தி, தலைவலி, கால் இழுப்பு, தலைசுற்றல் என்று பிள்ளை சொன்னால் நிழலில் படுக்கவைத்து ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பாக்கெட் இல்லையென்றால் காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து போடுங்கள். உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சு குழறி, கூப்பிட்டால் சரியாகப் பதில் வராவிட்டால் அது வெப்ப வாதம். 108-ஐ அழைத்துவிட்டு, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாத பிள்ளை வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும்.

இந்தக் கடிதத்தோடு ஒரு சீட்டு இணைத்திருக்கிறேன். பிள்ளையின் பெயர், வகுப்பு, எந்த வழியாக வீட்டுக்குப் போகிறார், உங்கள் எண், மாலை வேளையில் வீட்டில் இருக்கும் பக்கத்து வீட்டார் ஒருவரின் எண் ஆகியவற்றை எழுதிச் செவ்வாய்க்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். எழுதச் சிரமப்படுபவர்கள் பிள்ளையிடம் சொல்லி எழுதச் செய்து கையெழுத்தோ கைநாட்டோ வையுங்கள். சீட்டு வந்து சேராத பிள்ளைகளின் வீட்டுக்குப் புதன்கிழமை காலையில் ஆசிரியர் யாராவது நேரில் வருவார்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
அரசு மேல்நிலைப்பள்ளி
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்